நகரும் வீட்டில் முதல் பயணம்: புறப்படும் முன் 26 குறிப்புகள்

சமையலறை, படுக்கை, கழிவறை மூன்றையும் சக்கரத்தின் மேல் ஏற்றி வைத்த வண்டிதான் ஆர்.வி. அமெரிக்காவில் இதை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தேசியப் பூங்காக்களுக்குக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் கோடையில் இது பெரிய வசதி. வழியில் கழிவறை தேடி அலைய வேண்டாம். மத்தியானம் ஓரமாக நிறுத்தினால் சூடாக ரசம் சாதம். முழங்கால் வலிக்கிறவர் நிறுத்திய இடத்திலேயே அரை மணி நேரம் காலை நீட்டிப் படுக்கலாம்.

ஆனால் திறந்தால் வந்துகொண்டே இருக்கும் குழாய் இந்த வீட்டில் கிடையாது. தண்ணீர், மின்சாரம், கழிவுத் தொட்டி எல்லாமே அளவுதான். சான் ஹோசேயிலிருந்து யோசெமிட்டிக்கு ஆறு பேராக நாங்கள் போன முதல் பயணத்தில் இரண்டாம் நாள் மாலையே தண்ணீர் தீர்ந்துவிட்டது. சென்னையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்று பழகிய என் அம்மா அன்று பொறுப்பை எடுத்துக்கொண்டார். மீதி நாட்களில் ஒரு குறையும் வரவில்லை. அந்தப் பயணத்திலும் அதற்குப் பிறகும் நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

வண்டி எடுக்கும் முன்

1. மூன்று வகை உண்டு. 'ஏ' வகை பேருந்து மாதிரி. 'பி' வகை வேன். 'சி' வகை, லாரி முகப்போடு, ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை வைத்தது. நான்கு முதல் ஆறு பேர் உள்ள குடும்பத்துக்கு 'சி' வகையே ஏற்றது. வாடகைக்குக் கிடைக்கும் சாதாரண 'சி' வண்டிக்குக் கார் ஓட்டும் உரிமமே போதும். நீளம் 22 அடியிலிருந்து 30 அடி வரை இருக்கும். உங்கள் குடும்பம் படுக்க முடிகிற வண்டிகளில் மிகச் சிறியதை எடுங்கள். கூடுதல் நான்கு அடியில் கிடைக்கும் சுகத்தைவிட, அதைத் திருப்பும்போது படும் பாடு அதிகம். காரின் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லர் வகையை முதல் முறைக்குத் தவிர்த்துவிடுங்கள். அதைப் பின்னோக்கி நகர்த்துவது தனிக் கலை.

2. முதலில் இடம், பிறகுதான் வண்டி. யோசெமிட்டி பள்ளத்தாக்கில் தங்கும் இடங்களுக்கு ஐந்து மாதம் முன்பே, மாதத்தின் 15ஆம் தேதி, பசிபிக் நேரம் காலை 7 மணிக்கு முன்பதிவு திறக்கும். கோடைத் தேதிகள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். வீட்டில் இரண்டு பேர் இரண்டு கணினிகளில் உட்காருங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை அடி வண்டி நிற்கலாம் என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் பதிவு செய்து, 28 அடி வண்டியோடு 24 அடி இடத்துக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது. பூங்காவுக்குள் கிடைக்கவில்லையென்றால் வெளியே தனியார் முகாம்கள் இருக்கின்றன. 1962இல் மான்டானா மாநிலம் பில்லிங்ஸ் ஊரில் தொடங்கிய கே.ஓ.ஏ. முகாம்கள் இன்று நாடு முழுக்க உண்டு.

3. 'ஹூக்-அப்' என்ற சொல்லைப் புரிந்துகொண்டு பதிவு செய்யுங்கள். 'ஃபுல் ஹூக்-அப்' என்றால் தண்ணீர், மின்சாரம், கழிவுக்குழாய் மூன்றும் நம் இடத்திலேயே இருக்கும். சில இடங்களில் தண்ணீரும் மின்சாரமும் மட்டும். யோசெமிட்டி பூங்காவின் முகாம்களில் எதுவுமே கிடையாது. வண்டியில் கொண்டுபோவதுதான். நாங்கள் அழகை மட்டும் பார்த்து இடம் பிடித்தோம், இதைப் பார்க்கவில்லை. முதல் பயணத்துக்கு மூன்று இணைப்பும் உள்ள இடமே நல்லது.

4. ஒத்திகையாக ஓர் இரவு. நீண்ட பயணத்துக்கு முன் வீட்டுக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் ஓர் இரவு தங்கிப் பாருங்கள். எங்களுக்கு அது ஹாஃப் மூன் பே கடற்கரை. வண்டி வாடகை இரண்டு தடவை ஆகிறதே என்று தோன்றினால், பயணத்தின் முதல் இரவையாவது வீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கரண்டி மறந்ததும், ஹீட்டர் போடத் தெரியாததும், ஒரு குழந்தை மேல் படுக்கையில் ஏற பயப்படுவதும் அன்றைக்கே தெரிந்துவிடும். திரும்பிப் போய் எடுத்து வரும் தூரத்தில் வீடு இருக்கும்.

5. விளம்பரத்தில் போட்டிருக்கும் ஓர் இரவு வாடகை மட்டும் கணக்கல்ல. மைல் கணக்கு, ஜெனரேட்டர் ஓடும் மணிக்கணக்கு, படுக்கை விரிப்பு, பாத்திரம், சுத்தம் செய்யும் கட்டணம், காப்பீடு எல்லாம் தனி. பெட்ரோலும் உண்டு. இந்த வண்டிகள் ஒரு கேலனுக்கு 7 முதல் 10 மைல்தான் தரும். சான் ஹோசே – யோசெமிட்டி போக வர சுமார் 400 மைல் என்றால், 50 கேலன் என்று கணக்கு வையுங்கள். உங்கள் கார் காப்பீடு வாடகை ஆர்.வி.க்குச் செல்லுமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன பதில் போதாது.

6. வண்டியை வாங்கும் அன்று அவசரப்படாதீர்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கைப்பேசியில் வீடியோ எடுத்தபடி ஒவ்வொரு பொத்தானையும் அவர்களையே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். வெளிப்புறக் கீறல், டயர், புகை எச்சரிக்கைக் கருவி, கழிவுக்குழாய் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். எங்களுக்கு வண்டி கொடுத்தவர் பத்து நிமிடத்தில் சாவியைக் கையில் திணித்துவிட்டார். கழிவுக்குழாயில் விரிசல் இருந்தது, அது தேவைப்பட்ட நிமிடத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அது எப்படிப்பட்ட நிமிடம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டுகிறவருக்கு

7. வண்டியின் உயரத்தையும் அகலத்தையும் நீளத்தையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். பெரும்பாலான 'சி' வண்டிகள் 11 அடிக்கு மேல். கார் ஓட்டிப் பழகியவருக்குத் தலைக்கு மேல் பார்க்கும் பழக்கம் இருக்காது. பெட்ரோல் பங்க் கூரை, உணவக டிரைவ்-த்ரூ, தாழ்ந்த மரக்கிளை மூன்றும்தான் வழக்கமான எதிரிகள். கைப்பேசி வரைபடம் காருக்கு வழி சொல்லும், வண்டியின் உயரம் அதற்குத் தெரியாது. நியூயார்க், கனெக்டிகட் பக்கத்து 'பார்க்வே' சாலைகளில் பாலங்கள் மிகத் தாழ்வு. பால்டிமோர் துறைமுகச் சுரங்கப்பாதையில் ப்ரொபேன் சிலிண்டர் உள்ள வண்டி போகக் கூடாது. யூட்டா மாநிலம் சயான் பூங்காவில் 1930இல் திறந்த 1.1 மைல் சுரங்கம் ஒன்று இருக்கிறது. அதில் 11 அடி 4 அங்குல உயரமோ 7 அடி 10 அங்குல அகலமோ தாண்டினால் பழைய நாட்களில் எதிர்ப்பக்கப் போக்குவரத்தை நிறுத்திக் கட்டணத்தோடு அனுப்புவார்கள். 2026 நடுவிலிருந்து பெரிய வண்டிகளுக்கு அந்தச் சாலையே கிடையாது என்று பூங்கா அறிவித்திருக்கிறது. கனாப் ஊர் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். மான்டானாவின் கிளேசியர் பூங்காவில் மலைமேல் போகும் புகழ்பெற்ற சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி இல்லை. ஆகவே போகும் பூங்காவின் விதிகளைக் கிளம்பும் வாரத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

8. ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆளில்லாத கடை வாசல் ஒன்றில் அரை மணி நேரம் ஓட்டிப் பழகுங்கள். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வால் பகுதி. பின்சக்கரத்துக்குப் பின்னால் ஆறேழு அடி நீண்டிருக்கும். வலப்பக்கம் திருப்பினால் வால் இடப்பக்கம் வீசும். பெட்ரோல் பம்பிலும் பக்கத்து வண்டியிலும் இடிப்பது பெரும்பாலும் இதனால்தான். பின்னோக்கி வரும்போது ஒருவர் கீழே இறங்கி நிற்க வேண்டும், ஓட்டுகிறவருக்குக் கண்ணாடியில் தெரியும் இடத்தில். "வரலாம், வரலாம்" என்று பின்னாலிருந்து கத்தினால் உள்ளே கேட்காது. கைச் சைகைகளை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

9. மலை இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். விடாமல் மிதித்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு மாற்றி, எஞ்சினே வேகத்தைப் பிடிக்கும்படி விடுங்கள். யோசெமிட்டிக்கு 120ஆம் எண் சாலையில் பிரீஸ்ட் கிரேடு என்ற செங்குத்து ஏற்றம் வரும். மெர்சட், மரிபோசா ஊர்கள் வழியாக ஆற்றங்கரையை ஒட்டிப் போகும் 140ஆம் எண் சாலை முதல் தடவைக்கு நல்லது.

10. ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேர ஓட்டம் போதும். வெளிச்சம் இருக்கும்போதே முகாமைச் சேருங்கள். இருட்டில் மரங்களுக்கு நடுவே பின்னோக்கி நிறுத்துவது அனுபவசாலிக்கே கடினம். நிறுத்திய பிறகு அதை எடுத்துக்கொண்டு ஊர் சுற்ற வேண்டாம். யோசெமிட்டி பள்ளத்தாக்கில் இலவசப் பேருந்து ஓடுகிறது.

11. வண்டி ஓடும்போது எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். படுக்கையில் படுத்திருப்பதும், எழுந்து போய் டீ போடுவதும் கூடவே கூடாது. எத்தனை பேர் படுக்கலாம் என்பதும் எத்தனை பெல்ட் என்பதும் வேறு வேறு எண்ணிக்கை. பதிவு செய்யும் முன் இரண்டையும் கேளுங்கள். குழந்தை இருக்கையை முன்னோக்கிய இருக்கையில் மட்டுமே கட்ட வேண்டும். பக்கவாட்டு சோபா அதற்கு ஆகாது.

தண்ணீரும் கழிவும்

12. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 'சி' வண்டியின் நல்ல தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் 30 முதல் 40 கேலன். வீட்டு ஷவர் நிமிடத்துக்கு இரண்டு கேலன் ஊற்றும். ஆறு பேர் ஆளுக்கு ஐந்து நிமிடம் குளித்தால் 60 கேலன். எங்கள் தொட்டி தீர்ந்த கதை இதுதான்.

அம்மா செய்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். ஒரு சின்ன பக்கெட், ஒரு சொம்பு. ஆளுக்கு அரை பக்கெட் வெந்நீர், இரண்டு கேலனுக்குள் முடிந்துவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தலைக்கு. மற்ற நாளில் முகம், கை, கால். பாத்திரம் கழுவ இரண்டு தொட்டி: ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் அலசும் தண்ணீர். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும் வேலையே இல்லை. சாப்பிட்ட தட்டை முதலில் காகிதத்தால் துடைத்துவிட வேண்டும். பல் தேய்க்க ஒரு டம்ளர். அலசிய தண்ணீர் வீணாகாமல் பாத்ரூமில் ஊற்ற வைத்துக்கொண்டார். குடிக்க, சமைக்கத் தனியாக ஐந்து கேலன் கேன் இரண்டு. இந்த முறையில் ஆறு பேருக்கு ஒரு நாளைக்கு 18 கேலன்தான் ஆனது. லாரித் தண்ணீர் நாட்களைப் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் தண்ணீர்ப் பொறுப்பை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளும் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்வார்கள்.

ஒரு கேலன் தண்ணீர் சுமார் 8.3 பவுண்டு எடை. 40 கேலன் என்றால் 150 கிலோ. போகும் இடத்தில் நல்ல தண்ணீர்க் குழாய் உண்டு என்று உறுதியாகத் தெரிந்தால், வழிக்கு மட்டும் கொஞ்சம் நிரப்பி, பக்கத்தில் போய் முழுதாக நிரப்புங்கள்.

13. குடிநீருக்கென்று விற்கும் வெள்ளை அல்லது நீல ஹோஸ்தான் வாங்க வேண்டும். தோட்டத்துப் பச்சை ஹோஸ் வேண்டாம். முகாம் குழாயில் அழுத்தம் அதிகமாக இருந்தால் வண்டிக்குள் இருக்கும் மெல்லிய குழாய்கள் வெடிக்கும். அழுத்தத்தை 40–50 பி.எஸ்.ஐ.க்குள் வைக்கும் சின்ன பித்தளை ரெகுலேட்டர் ஒன்றைக் குழாயில் மாட்டிப் பிறகு ஹோஸை மாட்டுங்கள்.

14. ஹீட்டர் தொட்டி பல வண்டிகளில் ஆறு கேலன்தான். குளிக்க அரை மணி நேரம் முன்னால் போட்டு, முடிந்ததும் அணைத்துவிடுங்கள். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று குழாயைத் திறந்து பார்க்காமல் ஹீட்டரைப் போடவே கூடாது.

15. கழிவறைக்குக் கீழே இருப்பது 'பிளாக் டேங்க்'. சமையல், குளியல் தண்ணீர் சேருவது 'கிரே டேங்க்'. பிளாக் டேங்குக்குத் தண்ணீர் வேண்டும், சாதாரணக் காகிதம்தான் ஆகாது. எளிதில் கரையும் ஆர்.வி. காகிதம் மட்டும் போடுங்கள். ஈரத் துடைப்பான், நாப்கின் எதுவும் உள்ளே போகக் கூடாது. சொம்பில் தண்ணீர் எடுத்துக் கழுவும் நம் பழக்கம் இந்தத் தொட்டிக்கு மிக நல்லது. பிளாஸ்டிக் சொம்பு ஒன்றை மறக்காமல் எடுத்துப்போங்கள். முகாமில் கழிவுக்குழாய் இணைத்திருந்தாலும் பிளாக் டேங்க் வால்வை மூடியே வையுங்கள். திறந்து வைத்தால் நீர் மட்டும் ஓடிவிடும், கெட்டியானது அடியில் தங்கி இறுகும்.

16. கழிவை வெளியேற்றும் இடத்துக்கு 'டம்ப் ஸ்டேஷன்' என்று பெயர். யோசெமிட்டியில் அப்பர் பைன்ஸ் முகாமில் ஒன்று உண்டு. வேலை பத்து நிமிடம்தான், வரிசை தப்பக் கூடாது. கையுறை போடுங்கள். குழாயை இரு முனையிலும் இறுக்கி மாட்டுங்கள். முதலில் பிளாக் வால்வைத் திறந்து முழுவதும் போகவிட்டு மூடுங்கள். அதன் பிறகு கிரே வால்வு. சோப்புத் தண்ணீர் குழாயை அலசிக்கொண்டு போய்விடும். பிளாக் டேங்க் மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பிய பிறகு திறந்தால்தான் நன்றாக ஓடும். எவ்வளவு அவசரமானாலும் தரையில் திறக்கக் கூடாது. சட்டப்படி குற்றம், மண்ணுக்கும் ஆற்றுக்கும் கேடு.

17. பிளாக் டேங்குக்கு முன்பே நிரம்புவது கிரே டேங்க். நிரம்பினால் குளியல் தரையில் சாம்பார் வாசனையோடு தண்ணீர் மேலேறும். சிங்கில் வலைச் சல்லடை வையுங்கள். எண்ணெய், வடித்த கஞ்சி, புளித்தண்ணீர் எதையும் அதில் ஊற்றாதீர்கள்.

மின்சாரமும் எரிவாயுவும்

18. பெரும்பாலான வாடகை வண்டிகளுக்கு 30 ஆம்பியர் இணைப்பு. 120 வோல்ட்டில் அது 3,600 வாட். ஏ.சி. ஓடும்போது மைக்ரோவேவும் முடி உலர்த்தும் கருவியும் சேர்ந்தால் பிரேக்கர் விழும். எது ஓடினால் எதை அணைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்சி இங்கே ஓடாது. அரைக்க வேண்டியதை வீட்டிலேயே அரைத்துவிடுங்கள். மின் கம்பத்தில் சொருகும் முன்பும் பிடுங்கும் முன்பும் அங்குள்ள பிரேக்கரை அணைப்பது கட்டாயம்.

19. இணைப்பு இல்லாத இடத்தில் விளக்கும் தண்ணீர் பம்பும் பேட்டரியில் ஓடும். ஏ.சி., மைக்ரோவேவ், பெரும்பாலான வண்டிகளில் சுவர் பிளக் எல்லாவற்றுக்கும் ஜெனரேட்டர் வேண்டும். யோசெமிட்டியில் ஜெனரேட்டருக்கு நேரம் உண்டு: காலை 7–9, மத்தியானம் 12–2, மாலை 5–7. அந்த நேரத்துக்குள் கைப்பேசிகளுக்கும் கேமராவுக்கும் சார்ஜ் ஏற்றிவிடுங்கள். பெட்ரோல் கால் தொட்டிக்குக் கீழே இறங்கினால் ஜெனரேட்டர் தானே நின்றுவிடும். ஊர் திரும்பப் பெட்ரோல் மிஞ்சட்டும் என்று செய்த ஏற்பாடு அது, பழுது என்று பயப்பட வேண்டாம். வீட்டில் யாராவது இரவில் மூச்சுக் கருவி மாட்டித் தூங்குகிறவர் என்றால், யோசிக்காமல் மின் இணைப்புள்ள இடத்தையே எடுங்கள்.

20. அடுப்பு, ஹீட்டர், பல வண்டிகளில் ஃப்ரிட்ஜ் கூட ப்ரொபேன் வாயுவில் ஓடும். பெட்ரோல் போடும் முன் சிலிண்டர் வால்வை மூடுங்கள். ப்ரொபேன் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால்தான் அதன் எச்சரிக்கைக் கருவி தரைக்குப் பக்கத்தில் இருக்கும். அதன் முன் பையை வைத்து மறைக்காதீர்கள். குளிருக்கு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு தூங்குவது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

21. வண்டி சமமாக நிற்க வேண்டும். ப்ரொபேனில் ஓடும் ரக ஃப்ரிட்ஜ் சாய்ந்திருந்தால் சரியாகக் குளிராது. சமநிலைக் கட்டைகளைத் தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தின் அடியில் வைத்து ஏற்றுங்கள். சமையல் மேடையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பார்த்தாலே சாய்வு தெரியும். நின்றதும் சக்கரத்துக்கு ஆப்பு. ஃப்ரிட்ஜ் குளிர ஒரு ராத்திரி ஆகும், ஆகவே முந்தின நாளே போட்டு, வீட்டில் குளிரவைத்த பொருளையே உள்ளே வையுங்கள்.

சமையல்

22. வீட்டில் பாதி வேலையை முடித்துக்கொண்டு போங்கள். புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பருப்புப்பொடி, இட்லிப்பொடி நான்கும் இருந்தால் மூன்று நாள் ஓடும். முதல் நாளுக்குச் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும். தோசை மாவைப் புளிக்கவைத்து, நன்றாகக் குளிரவைத்து, பாத்திரத்தில் பாதி மட்டும் நிரப்புங்கள். குலுக்கலில் பொங்கி ஃப்ரிட்ஜ் முழுக்க வழிந்தால் துடைக்கவும் தண்ணீர் வேண்டுமே. கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, ஆறவைத்து ஒரு பாட்டிலில் கொண்டுபோனால் இன்னும் வசதி. சின்ன இடத்தில் தாளித்தால் புகைக் கருவி அலறும். அலறுகிறதே என்று அதன் பேட்டரியைக் கழற்றக் கூடாது. முன்னதாகவே மேல் ஜன்னலைத் திறந்து விசிறியைப் போட்டுவிட்டுத் தாளியுங்கள்.

23. ஒரு மூன்று லிட்டர் குக்கர் கண்டிப்பாக வேண்டும். யோசெமிட்டியின் டுவாலமி புல்வெளி 8,600 அடி உயரம். அங்கே தண்ணீர் சுமார் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு எவ்வளவு நேரம் வெந்தாலும் மசியாது. குக்கரிலும் வழக்கத்தைவிட ஒரு விசில் கூட்டுங்கள்.

24. கரடியை மறக்காதீர்கள். யோசெமிட்டியில் உணவு வைக்க இரும்புப் பெட்டி ஒவ்வோர் இடத்திலும் இருக்கும். தகரச் சுவர் உள்ள ஆர்.வி.க்குள் உணவை வைக்கலாம். ஆனால் வெளியே தெரியக் கூடாது. நீங்கள் வெளியே போனால் கதவு, ஜன்னல், கூரைத் திறப்பு எல்லாம் மூடியிருக்க வேண்டும். பற்பசையும் சோப்பும்கூடக் கரடிக்கு உணவு வாசனைதான். மிச்சச் சாதத்தைக் காக்கைக்கு வைக்கிறோம் என்று மரத்தடியில் வைக்காதீர்கள். மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அந்தக் கரடியைத்தான் கொல்ல வேண்டி வரும். விறகையும் வீட்டிலிருந்து எடுத்துப்போக வேண்டாம். அதில் ஒளிந்திருக்கும் பூச்சிகள் அங்குள்ள காட்டையே அழிக்கும். எரிக்கும் இடத்திலேயே வாங்குங்கள்.

கிளம்பும்போதும் திரும்பும்போதும்

25. துணியைப் பெட்டியில் அடுக்காமல் மடங்கும் பையில் வையுங்கள். காலியான பெட்டியை வைக்க வண்டியில் இடமில்லை. கனமானது கீழ் அலமாரியில். தலையில் மாட்டும் விளக்கு, ரப்பர் கையுறை ஒரு பெட்டி, கோரைப்பாய், துணி உலர்த்தும் கயிறு, மாத்திரைகள், காகிதத்தில் அச்சிட்ட முன்பதிவு. மலைக்குள் கைப்பேசி சிக்னல் போய்விடும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை முகாமில் அமைதி நேரம். பாட்டுப் பெட்டியை அணைத்துவிட்டு வெளியே வந்து நட்சத்திரம் பாருங்கள்.

26. ஒவ்வொரு முறை வண்டி நகரும் முன்பும் ஒருவர் பட்டியலைப் படிக்க, இன்னொருவர் தொட்டுப் பார்த்து "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். ஆன்டெனா, கூரைத் திறப்பு, படிக்கட்டு, வெயில் மறைப்பு, பக்கவாட்டில் விரியும் அறை, தண்ணீர்க் குழாய், மின் கம்பி, கழிவுக்குழாய் மூடி, சக்கர ஆப்பு, ஃப்ரிட்ஜ் கதவுத் தாழ்ப்பாள், அலமாரிகள், அணைந்த அடுப்பு. எங்கள் வீட்டில் படிப்பது மகள், தொட்டுப் பார்ப்பது தாத்தா. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் இரண்டு கழிவுத் தொட்டிகளையும் காலி செய்து, பெட்ரோலும் ப்ரொபேனும் எடுத்த அளவுக்கு நிரப்பி, உள்ளும் புறமும் மறுபடி வீடியோ எடுங்கள். பிறகு அன்று ராத்திரியே, களைப்பாக இருந்தாலும், எது மிஞ்சியது, எது போதவில்லை என்று அந்தப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். எங்கள் முதல் தாளில் அம்மாவின் கையெழுத்தில் இரண்டே வரி இருக்கிறது: "சொம்பு இன்னும் ஒன்று. தண்ணீர் கேன் மூன்றாக."